கர்ப்பப்பை வாய் கேன்சர் டெஸ்ட்: நம்ம பொம்பளைங்க தவிர்க்க வேண்டிய தப்புங்க

சேலம் அம்மாபேட்டை தறி வீட்டுல இருந்து ஏற்காடு எஸ்டேட் லைன் வீடு வரைக்கும், எங்க போய் இந்த டெஸ்ட் பத்தி பேச்செடுத்தாலும் முதல்ல வர்ற பதில் "எனக்குத்தான் ஒண்ணும் பண்ணலையே, எதுக்குங்க டெஸ்ட்டு"ங்கறதுதான். மத்த தப்பு எல்லாம் இதுக்கு அப்புறம்தான். ஒண்ணும் பண்ணாம இருக்கறப்பவே பாக்கறதுக்குன்னு வந்த டெஸ்ட்டுங்க இது.

இந்த கேன்சருக்கு கிட்டத்தட்ட எல்லா கேஸ்லயும் காரணம் எச்பிவிங்கற வைரஸ். தாம்பத்திய உறவுல ஒட்டிக்கிறது, பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணு ரெண்டு வருஷத்துல உடம்பே துரத்தி விட்டுடும், சிலருக்கு மட்டும் போகாம கர்ப்பப்பை வாய்லயே தங்கி அங்க இருக்கற செல்லை கொஞ்சம் கொஞ்சமா மாத்திக்கிட்டே இருக்கும். அந்த மாற்றம் கேன்சரா ஆகறதுக்கு சாதாரணமா 15, 20 வருஷம் ஆகுது, எச்ஐவி மாதிரி எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்களுக்கு 5, 10 வருஷத்துலயே வந்துரும். அத்தனை வருஷமும் வலி இருக்காது, ரத்தம் வராது, எதுவும் தெரியாது. அந்த நேரத்துல பாத்துட்டா கேன்சரே வராம தடுத்துடலாம். எத்தனை நோய்க்கு இப்படி ஒரு வாய்ப்பு கிடைக்குது சொல்லுங்க. திண்டுக்கல் மாவட்டத்துல 30ல இருந்து 59 வயசு பொம்பளைங்களுக்கு ஒரே ஒரு தடவை வினிகர் டெஸ்ட் செஞ்சு, தேவைப்பட்டவங்களுக்கு வைத்தியமும் பண்ணி பல வருஷம் பாத்தாங்க, இந்த கேன்சர்ல சாவு 35 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு, 2007ல அந்த ஆராய்ச்சி வெளியாச்சு. நம்ம ஊரு பொம்பளைங்ககிட்டயே நிரூபிச்ச விஷயம்ங்க.

இதுக்கு நேர் எதிரா இன்னொரு தப்பும் நடக்குது. உறவுக்கு அப்புறம் ரத்தம் படுது, இல்ல மாதவிடாய் நின்னு வருஷக்கணக்கு ஆனவங்களுக்கு திரும்ப ரத்தம் வருது, நாத்தத்தோட வெள்ளைப்படுது, ஆனா "போன வருஷம் டெஸ்ட் நார்மல்னு வந்துச்சே"ன்னு சும்மா இருந்துடறாங்க, இல்லன்னா அடுத்த கேம்ப் வரட்டும்னு உக்காந்திருக்காங்க. அறிகுறி இருக்கறவங்க கேம்ப்புக்கு காத்திருக்கவே கூடாது, பழைய ரிப்போர்ட்டை நம்பவும் கூடாது, நேரா மகப்பேறு டாக்டரைப் பாத்து உள்ள பரிசோதனை செஞ்சுக்கணும்.

"வயித்து ஸ்கேன் எடுத்தாச்சு, எல்லாம் நார்மல்"னு சொல்றவங்களும் நிறைய. ஸ்கேன்ல கட்டி, சினைப்பை நீர்க்கட்டி எல்லாம் தெரியும், கர்ப்பப்பை வாய்ல செல் மாறுறது தெரியாது. ரத்த டெஸ்ட்லயும் தெரியாது. அங்கயே பாத்தாத்தான் உண்டு, இல்ல அங்க இருந்து சாம்பிள் எடுத்தாத்தான் உண்டு.

பயத்துல தள்ளிப்போடறதுதான் எனக்கு ரொம்ப மனசு கஷ்டமா இருக்கும். என்ன செய்வாங்கன்னு யாரும் சொல்லித் தர்றதில்ல, அதனால ஆபரேஷன் மாதிரி நினைச்சுக்கறாங்க. அரசு ஆஸ்பத்திரியில செய்யற விஐஏ டெஸ்ட்டை, அதாவது மேல சொன்ன வினிகர் டெஸ்ட்டை எடுத்துக்கோங்க. திரை போட்ட ரூம், நர்ஸ் இருப்பாங்க, டேபிள்ல படுத்து முட்டியை மடக்கிக்கணும், ஒரு கருவி வெச்சு லேசா விரிச்சு, வினிகர்ல இருக்கற அதே அசிட்டிக் அமிலத்தை தண்ணியா கலந்து பஞ்சுல நனைச்சு கர்ப்பப்பை வாய்ல வெப்பாங்க. ஒரு நிமிஷம் விட்டு லைட் அடிச்சு பாப்பாங்க, மாறுன இடம் இருந்தா வெள்ளையா பளிச்னு தெரியும். கொஞ்சம் எரியும், அழுத்தற மாதிரி இருக்கும், அவ்ளோதான், மயக்க மருந்து கிடையாது, முடிச்சுட்டு பஸ் ஏறி வீட்டுக்குப் போயிடலாம். பாப் ஸ்மியர்னா சின்ன பிரஷ்ல செல்லை எடுத்து லேப்புக்கு அனுப்புவாங்க. உடம்பை இறுக்கிக்காம மூச்சை நல்லா விட்டீங்கன்னா வலி ரொம்ப கம்மி. ஆம்பள டாக்டர்னா கூச்சமா இருக்கும்னா லேடி டாக்டரோ நர்சோ வேணும்னு வாய்விட்டு கேளுங்க, தப்பே இல்ல.

போற நாளும் முக்கியம். பீரியட்ஸ் நேரத்துல போகாதீங்க, முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு போனா நல்லது. டெஸ்ட்டுக்கு முன்னாடி ரெண்டு நாள் உறவு வேணாம், உள்ள வெக்கற மாத்திரை, கிரீம் வேணாம், சோப்பு டெட்டால் போட்டு உள்ள கழுவவே கூடாது. சுத்தமா போகணும்னு நினைச்சு நல்லா கழுவிட்டு வர்றாங்க, பாவம், செல் எல்லாம் போயி ரிசல்ட் சரியா வராது.

இப்ப நான் ரொம்ப நேரமா சொல்ல நினைக்கற விஷயத்துக்கு வர்றேன். டெஸ்ட் எடுத்துட்டு ரிசல்ட் வாங்கப் போகாம விட்டுடறது. மலையில காப்பி பழம் எடுக்கற சீசன்ல இதை நல்லா பாக்கலாம், ஒரு நாள் லீவு போட்டா கூலி போச்சு, சேலம் போகணும்னா 20 கொண்டை ஊசி வளைவு இறங்கணும், "ஏதாவது இருந்தா அவங்களே கூப்பிடுவாங்க அக்கா"ன்னு சொல்லிட்டு கூடையை மாட்டிக்கிட்டு தோட்டத்துக்குப் போயிடறாங்க. போன் நம்பர் மாறியிருக்கும், மலையில சிக்னல் இருக்காது, கூப்பிட்டாலும் எப்படிங்க கிடைப்பாங்க? எடுத்த அன்னிக்கே ரிசல்ட் எப்ப வரும், யார்கிட்ட கேக்கணும்னு நர்ஸ்கிட்ட கேட்டு ஓபி சீட்டுலயே எழுதி வாங்கிக்கோங்க, வீட்டுல இன்னொருத்தர் நம்பரையும் குடுங்க.

பாசிட்டிவ்னு சொன்னதும் கேன்சர்னு முடிவு பண்ணி அழுது ஒளிஞ்சுக்கறவங்களும் இருக்காங்க. கண்ணு, பாசிட்டிவ்னா இன்னும் நல்லா பாக்கணும்னு அர்த்தம், அவ்ளோதான். கால்போஸ்கோப்பிங்கற கருவியில பெருசாக்கி பாப்பாங்க, தேவைப்பட்டா துளி சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்புவாங்க. கேன்சருக்கு முந்துன நிலைனா அந்த இடத்தை மட்டும் சூடு வெச்சோ, உறைய வெச்சோ, மின்கம்பியால வெட்டியோ எடுத்துடறாங்க, பல பேருக்கு அன்னிக்கே வீட்டுக்குப் போற வைத்தியம்தான். கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்ல, குழந்தை பெத்துக்கற வாய்ப்பும் பெரும்பாலும் போகாது. இந்த இடத்துல விட்டுட்டா எடுத்த டெஸ்ட்டே வீண்.

அந்த வைரஸ் இருக்கான்னு பாக்கற எச்பிவி டெஸ்ட்ல பாசிட்டிவ்னு வந்ததும் புருஷன் பொண்டாட்டி சண்டை வேற. வைரஸ் எத்தனையோ வருஷம் சத்தமில்லாம கெடந்துட்டு இப்ப தெரியலாம், யார்கிட்ட இருந்து எப்ப வந்துச்சுன்னு எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது. அதை வெச்சு ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்பட்டு குடும்பத்தை கெடுத்துக்காதீங்க.

"எனக்கு எல்லாம் நின்னு போச்சு", "குடும்பக்கட்டுப்பாடு பண்ணியாச்சு"ன்னு ஒதுங்கறதும் தப்பு. அரசு திட்டத்துல 30 வயசுல இருந்து 65 வரைக்கும் 5 வருஷத்துக்கு ஒரு தடவைன்னு வெச்சிருக்காங்க. பாப் ஸ்மியர் எடுக்கறவங்க 3 வருஷத்துக்கு ஒரு தடவை, எச்பிவி டெஸ்ட்னா 5 வருஷத்துக்கு ஒரு தடவை. எச்ஐவி இருக்கறவங்க 25லயே ஆரம்பிக்கணும். வயசானவங்களுக்கு அந்த மாற்றம் வர்ற இடம் உள்ள போயிடும், விஐஏல சரியா தெரியாது, அதனால 50 தாண்டினவங்க பாப் ஸ்மியரோ எச்பிவி டெஸ்ட்டோ எடுக்கலாமான்னு டாக்டரைக் கேளுங்க.

கர்ப்பப்பை எடுத்தவங்க டிஸ்சார்ஜ் சம்மரியை தேடி எடுங்க. வாய்ப்பகுதியோட முழுசா எடுத்துட்டாங்களா, இல்ல அதை விட்டுட்டு மேல மட்டும் எடுத்தாங்களா, எதுக்காக எடுத்தாங்கன்னு அதுல இருக்கும். வாய்ப்பகுதி இருந்தா டெஸ்ட் தொடரணும், கேன்சருக்கு முந்துன மாற்றத்துக்காக எடுத்திருந்தாலும் டாக்டர் சொல்ற வரைக்கும் தொடரணும்.

பொண்ணுக்கு எச்பிவி ஊசி போட்டாச்சுன்னா அவளுக்கு டெஸ்ட் வேணாம்னு நினைக்காதீங்க, இந்த கேன்சர்ல 70 சதவீதம் 16, 18ங்கற ரெண்டு வகை எச்பிவியால வருது, ஊசி அதை நல்லா தடுக்கும், ஆனா எல்லா வகையையும் தடுக்காது, 30 ஆனதும் அவளும் வரணும். உங்களுக்கு 30 தாண்டியாச்சுன்னா பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல பிரஷர், சுகர் பாக்கற நர்ஸ்கிட்ட போய் "கர்ப்பப்பை வாய் டெஸ்ட் எடுக்கணும், என்னிக்கு வரட்டும்"னு கேளுங்க, காசு கிடையாது, போறப்ப நாத்தனாரையோ பக்கத்து வீட்டு அக்காவையோ கூட்டிட்டுப் போங்க, அவங்களுக்கும் ஆச்சு.