சுவிஸ் எல்லையில் பாஸ்போர்ட் கேட்க மாட்டார்கள், இறைச்சியைக் கேட்பார்கள்

பதிவு வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுவிஸுக்குக் குடிவந்து 14 நாளுக்குள் கெமைண்டேயில், அதாவது ஊராட்சி அலுவலகத்தில், பதிய வேண்டும். மருத்துவக் காப்புறுதிக்கு 3 மாதம் தவணை உண்டு. ஆனால் எப்போது எடுத்தாலும் வந்த நாளிலிருந்தே காசு கட்ட வேண்டும், இழுத்தடிப்பதில் லாபமில்லை. சரி, விஷயத்துக்கு வருவோம்.

பாசலில் இருக்கும் என் நண்பன், மகளின் பிறந்தநாளுக்கு ஆட்டிறைச்சி வாங்க மனைவியோடு ஜெர்மனிப் பக்கம் லோராக் போனான். இங்கே ஆட்டிறைச்சி விலை கேட்டாலே வயிறு எரியும். 12 கிலோ வாங்கி, ஜெர்மன் வரியைத் திருப்பி எடுக்கிற பச்சைச் சீட்டில் அவர்களுடைய சுங்கத்தில் முத்திரையும் குத்திக்கொண்டு, சுவிஸ் பக்கம் நிற்காமல் வந்தான். எல்லையில் ஆட்களைச் சோதிக்காத ஷெங்கன் ஒப்பந்தம் இருக்கிறதுதானே, யார் மறிக்கப்போகிறார்கள் என்ற நினைப்பு. மறித்தார்கள். ஆளுக்கு ஒரு கிலோதான் சும்மா கொண்டுவரலாம். மீதிக்குக் கிலோவுக்கு 17 பிராங்க் வீதம் 170 பிராங்க். சொல்லாமல் வந்ததற்குத் தண்டம் வேறு. ஷெங்கன் ஆட்களுக்குத்தான், ஆட்டுக்கு இல்லை.

ஏன் இந்தக் கூத்து என்றால், சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. இந்த நாட்டுத் தலைவர்கள் அந்தப் பக்கம் இழுக்க, சனம் மறுபக்கம் நின்றுவிட்டது. 1992 மே மாதம் அரசாங்கம் ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸுக்கு உறுப்புரிமை விண்ணப்பமே அனுப்பிவிட்டது. டிசம்பர் 6-இல் ஐரோப்பியப் பொருளாதார வலயத்தில், அதாவது ஒன்றியத்தின் பொதுச் சந்தையில் மட்டும், சேர்வதா என்று வாக்கெடுப்பு. அது ஒன்றியத்துக்கான பயிற்சி முகாம் என்று அமைச்சர் அடோல்ஃப் ஓகி வாயைவிட, எதிரணியின் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி. அரசாங்கம், பாராளுமன்றப் பெரும்பான்மை, பெரிய கம்பனிகள் எல்லாம் 'ஆம்' என்றன. எதிரணியை முன்னின்று நடத்திய அரசியல்வாதி கிறிஸ்டோஃப் புளோக்கர் ஊர் ஊராகப் போய் வேண்டாம் என்றார். முடிவு, 50.3 விழுக்காடு 'இல்லை'. அமைச்சர் டெலமுரா 'கறுப்பு ஞாயிறு' என்று புலம்பினார். சேர்ந்திருந்தாலும் சுங்கம் உடனே போயிருக்காது, ஆனால் ஒன்றியத்தில் சேரும் பேச்சு அன்றோடு படுத்துவிட்டது. அந்த விண்ணப்பத்தை 2016-இல்தான் திரும்பப் பெற்றார்கள். பாவம், பாசல் அன்று 'ஆம்' போட்ட ஊர். 2005-இல் ஷெங்கனுக்கு மட்டும் மக்கள் 54.6 விழுக்காடு சம்மதம் கொடுத்தார்கள். போக வரச் சம்மதம், சேரச் சம்மதமில்லை.

வேலையிடத்தில் தலைநகர் பேர்னில் ஆட்சியில் இருப்பவர்களைத் திட்டுவார்கள், பிரஸ்ஸல்ஸை அதைவிடத் திட்டுவார்கள். வந்த புதிதில் நீங்கள் அதற்குள் தலையைக் கொடுக்க வேண்டாம். குடியுரிமை எடுத்த கையோடு 'இல்லை' போடும் நம்மவர்களும் இருக்கிறார்கள், எனக்கு அது பொறுக்காது. பக்கத்து நாட்டு அக்காவைப் பார்க்க வருஷத்தில் நாலு முறை எல்லை தாண்டுகிறவர்கள் அவர்கள்!

எல்லைக்கு அப்பால் கடைக்குப் போவதற்கு முன்பே சுவிஸ் சுங்கத்தின் குயிக்சோல் செயலியைப் போனில் போட்டுவையுங்கள். எல்லை தாண்டுவதற்கு முன்னால் அதிலேயே அறிவித்துக் காசும் கட்டலாம். வெண்ணெயும் கிரீமும் சேர்த்து ஆளுக்கு ஒரு கிலோ. 2025-இலிருந்து வரியில்லாப் பெறுமதி 300 இல்லை, ஆளுக்கு 150 பிராங்க்தான். 200 பிராங்குக்கு ஒரு மிக்ஸி வாங்கினால், இரண்டு பேர் வந்தோம் என்று பங்குபோட முடியாது. முழு விலைக்கும் வரிதான்.