வீட்டுக்குள் வாத்துப் பட்டி: தண்ணீருக்கு வழி வைக்காமல் தரை போடாதீர்கள்

பள்ளிக்கூடம் லீவு விட்டால் போதும், சந்தையில் வாத்துக் குஞ்சு வாங்கிவிட்டுப் பட்டி எப்படிக் கட்டுவது என்று கேட்பவர்கள் கூடிவிடுகிறார்கள். தோட்டத்துச் சாளை வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. திருப்பூரிலும் ஈரோட்டிலும் பொடக்காளி, அதாவது கொல்லைப்புறம், இல்லாத வரிசை வீடுகளில் இருப்பவர்கள்தான் பின்தாழ்வாரத்திலோ மாடி அறையிலோ இடம் ஒதுக்குகிறார்கள். போய்ப் பார்த்தால், நாங்கள் எல்லோரும் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகள். பூனை வரும், இடம் போதாது என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும். கட்டி முடித்த பிறகு இடித்துத்தான் சரிசெய்ய முடியும் என்கிற சங்கதிகளையும், சுத்தம் செய்வதில் நடக்கிற தவறுகளையும் மட்டும் சொல்கிறேன்.

தண்ணீர் எங்கே போகும் என்று முடிவு செய்யாமல் தரை போடுவது

எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு ஆத்திரம் வருவது இதற்குத்தான்.

கோழிக்குக் கட்டுவதுபோல வாத்துக்கும் கட்டுவதில் ஆரம்பிக்கிறது வினை. கோழி சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் குடிக்கும். வாத்துக்கு அலகு மட்டும் நனைந்தால் போதாது; மூக்குத் துளையும் கண்ணும் கழுவிக்கொள்ள அது தலையையே முக்க வேண்டும். ஒரு வாய் தீவனம் எடுத்தால் உடனே தண்ணீருக்கு ஓடும், அலகை அலசும், தலையை உதறும். எச்சத்திலும் பெரும்பகுதி தண்ணீர்தான். ஆக, வாத்துப் பட்டியைச் சுத்தம் செய்வது என்றால் பாதிக்கு மேல் தண்ணீரை வெளியேற்றுகிற வேலை. அந்தத் தண்ணீர் போக வழி இல்லையென்றால் எவ்வளவு தேய்த்தாலும் நாற்றம் போகாது. ஈரத்தில் ஊறிய எச்சத்திலிருந்து அம்மோனியா கிளம்பும். அது முதலில் எரிக்கிறது தரையோடு தலை வைத்துத் தூங்கும் வாத்தின் கண்ணையும் மூச்சையும்தான்.

கோபி பக்கம் எங்கள் பங்காளி அண்ணன் ஒருவர் நாலு வெள்ளை பெக்கின் ரக வாத்துகளுக்காகப் பின்தாழ்வாரத்தில் எட்டடிக்கு ஆறடி ஒதுக்கினார். இடம் தாராளம். வழவழ டைல்ஸ், சுவரில் மூன்றடி வரைக்கும் டைல்ஸ், மூலையில் தண்ணீர் போக ஒரு ஜாலி. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் தரையில் வாட்டம், அதாவது சரிவு, இல்லை. தண்ணீர்ப் போசி இருந்தது ஜாலிக்கு நேர் எதிர்மூலையில். நான் போனபோது அண்ணி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மக்கில் தண்ணீரை அள்ளி வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தார். "தம்பி, கழுவற தண்ணி போறதே இல்லைங்க. காத்தால ஒருக்கா, பொழுதோட ஒருக்கா நாந்தான் அள்ளறேன்" என்றார். கொத்தனாரைக் கூப்பிட்டுக் கேட்டால், "மட்டம் வச்சுப் பாத்துப் போட்டதுங்க, ஒரு நூல்கூடத் தப்பாது" என்கிறார். அவர் சொன்னது உண்மை. கூடத்துக்குப் போடுகிற மாதிரி சுத்த மட்டமாகப் போட்டிருந்தார். வாட்டம் வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

ஈரம் காயாத அந்தத் தரையில் கனமான பெக்கின்கள் வழுக்கிக்கொண்டே நின்றன. ஒன்றுக்கு உள்ளங்காலில் கறுத்த தடிப்பு வந்து வீங்கிவிட்டது. ஊறிப்போன தோலில் சிறு கீறல் இருந்தாலும் கிருமி உள்ளே போய்ச் சீழ் கட்டும். கால்நடை மருத்துவரிடம் போய்க் கட்டுப் போட்டு, மாதக் கணக்கில் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசியில் டைல்ஸ் முழுவதையும் பெயர்த்தார்கள். போட்ட காசும் போச்சு, பெயர்க்கிற கூலியும் போச்சு.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். முதலில் தண்ணீர் வைக்கும் மூலையை முடிவு செய்யுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய மூலைதான் சரி. குழாய் அந்த மூலையிலேயே இறங்கட்டும். அதை நோக்கித் தரை முழுவதும் அடிக்கு ரெண்டு நூல் வாட்டம், அதாவது கால் அங்குலம். எட்டடித் தரை என்றால் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ரெண்டு அங்குலம் வித்தியாசம் வரும். "அவ்வளவு எதுக்குங்க" என்று கொத்தனார் கேட்பார். விட்டுக்கொடுக்காதீர்கள். தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் வைத்துச் சுவரில் கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கலவை இறுகியதும், அவர் கணக்கு முடித்துக் கிளம்பும் முன், மேட்டு மூலையில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். எங்கேயாவது தேங்கினால் அன்றைக்கே சரிசெய்யலாம்.

குழாய் மூன்று அங்குலத்துக்குக் குறையக் கூடாது. இறகும் நாரும் சேர்ந்து சின்னக் குழாயை அடைத்துவிடும். குழாய் திரும்புகிற இடத்தில் நேர் மடக்கு வேண்டாம். ரெண்டு சாய்வு மடக்காகப் போட்டு, திறந்து குத்திவிட ஒரு மூடியும் வையுங்கள். வெளியே வருகிற தண்ணீர் தென்னை வட்டப்பாத்திக்கும் வாழைக்கும் நல்ல உரம். கீரைப் பாத்திக்கு மட்டும் விடாதீர்கள்; வாத்து எச்சத்தில் சால்மோனெல்லா என்கிற கிருமி இருக்கலாம்.

தண்ணீர் மூலையில், பரண் ஆட்டுக் கொட்டகைக்குப் போடுகிற, இடைவெளி விட்ட பிளாஸ்டிக் ஸ்லாட் தட்டு இரண்டை நாலு செங்கல் மேல் பரப்பி, அதன் மேல் தண்ணீரை வையுங்கள். சிந்துவது கீழே இறங்கி வாட்டத்தில் ஓடிவிடும். குஞ்சாக இருக்கும்வரை ஸ்லாட் இடைவெளியில் கால் மாட்டும். மேலே நெருக்கமான பிளாஸ்டிக் வலை ஒன்றைக் கட்டுங்கள். அகலப் பாத்திரம் வைத்தால் ஏறிக் குளிக்கும். இருபது லிட்டர் தண்ணீர் கேனில், வாத்தின் மார்பு உயரத்தில் தலை நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, விளிம்பைத் தேய்த்து மழுக்கினால், தலை முக்கலாம், ஏற முடியாது. தீவனத்தைத் தண்ணீரிலிருந்து நாலைந்து அடி தள்ளி வையுங்கள்.

வாடகை வீடா? தரையில் கை வைக்க முடியாதா? அகலமான பிளாஸ்டிக் ட்ரேயின் மேல் இதே ஸ்லாட்டை வைத்து, ட்ரேயைக் காலையும் மாலையும் கவிழ்த்துவிடுங்கள். மாடி அறையென்றால் இதுகூடப் போதாது. முதலில் தரைக்கு நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு அடியுங்கள், இல்லையென்றால் கீழ் வீட்டுக் கூரையில் ஈரம் இறங்கும்.

வழவழ டைல்ஸ்

போடாதீர்கள். சிமெண்ட் தரையும், மேலே மாட்டுத் தொழுவத்து ரப்பர் பாயும் போதும். பாயைத் தூக்கிக் கழுவலாம்.

குளியல் தொட்டியை உள்ளே வைப்பது

வெளியே.

பிளைவுட் தடுப்பு

ஈரம் குடித்து உப்பிவிடும். பிவிசி பலகை போடுங்கள்.

படுக்கைக்குக் கையில் கிடைத்ததைக் கொட்டுவது

நம் பக்கம் பொள்ளாச்சியிலிருந்து தென்னை நார்க்கழிவு எளிதாகக் கிடைக்கிறது. ஈரத்தை நன்றாக உறிஞ்சும், எனக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் தூங்கும் பகுதியில் மட்டும், மூன்று அங்குலக் கனத்துக்குப் போடுங்கள். தண்ணீர் மூலைப் பக்கம் போட்டால் சேறாகும். வாங்கும்போது ஒரு பிடி எடுத்து மோந்து பாருங்கள். மழையில் நனைந்த குவியலில் பூஞ்சை வாசம் அடித்தால் திருப்பிவிடுங்கள். அந்தப் பூஞ்சை வாத்தின் நுரையீரலுக்குப் போகும். நெல் உமி அவ்வளவாக உறிஞ்சாது. நியூஸ்பேப்பர் குஞ்சுக்கு வழுக்கும், கால் விரிந்துவிடும்.

திருப்பூரில் பனியன் வேஸ்ட் போடுகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. சும்மா கிடைக்கிறது என்பதற்காகப் போடாதீர்கள். நூல் காலைச் சுற்றி இறுக்கும். வாத்து அதை விழுங்கவும் செய்யும்.

ஆள் நிமிர முடியாத பட்டி

குனிந்து நுழைய வேண்டிய பட்டியை யாரும் தினமும் கழுவ மாட்டார்கள். ஒரு பக்கம் முழுவதும் திறக்கிற மாதிரி வையுங்கள். சீமாறும் தட்டு மண்வெட்டியும் மூலை வரை எட்ட வேண்டும். பெக்கினுக்குத் தடுப்பு ரெண்டடி உயரம் போதும். பறக்கிற மஸ்கோவி ரக வாத்துக்குப் போதாது.

ராத்திரி தீவனத்தை விட்டு, தண்ணீரை மட்டும் எடுப்பது

தண்ணீர் இல்லாமல் உலர் தீவனம் தின்றால் தொண்டையில் அடைக்கும். வளர்ந்த வாத்தாக இருந்தால் இருட்டியதும் ரெண்டையும் சேர்த்து எடுத்துவிட்டு, விடிந்ததும் வையுங்கள். காலையில் கழுவுகிற வேலை பாதியாகும். குஞ்சுகளுக்கு இதைச் செய்யாதீர்கள்.

எச்சத்தின் மேலேயே ப்ளீச்சிங் பவுடர் தூவுவது

ஆபத்து. எச்சத்தின் அம்மோனியாவோடு சேர்ந்து நச்சு வாயு கிளம்பும், மூடிய அறையில் உங்களுக்கும் மூச்சு முட்டும். முதலில் வாரி, வெறும் தண்ணீரில் கழுவுங்கள். அன்றாடத்துக்கு வினிகர் கலந்த தண்ணீரே போதும். ப்ளீச்சிங் போட்டே ஆக வேண்டுமென்றால், வாத்துகளை வெளியேற்றி, தரை முழுக்கச் சுத்தமான பிறகு போட்டு, அலசிக் காயவிடுங்கள்.

வேலை முடிந்ததும் அப்படியே குஞ்சை விடுவது

வாத்து மினுங்குகிற எதையும் விழுங்கும். ஸ்க்ரூ, வெட்டிய வலையின் முனை, கட்டுக்கம்பித் துண்டு எல்லாமே அதற்குத் தீனி. நாகமுலாம் பூசிய கம்பி வயிற்றுக்குள் கரைந்தால் விஷம். ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரை முழுக்க இழுத்துவிட்டு, சீமாறால் கூட்டி, மூலைகளைக் கையால் தடவிப் பார்த்த பிறகு குஞ்சுகளை இறக்குங்கள்.