சுடுமண் ஜிமிக்கி செய்யும் முறை

சுடுமண் காதணிக்கு உருவம் கொடுக்கும் கை சில வாரங்களில் பழகிவிடும். ஆனால் வடித்த ஜிமிக்கி விரிசல் விடாமல் நெருப்பிலிருந்து வெளிவருவது, பெரும்பாலும் அதை உலர்த்திய விதத்தைப் பொறுத்தே அமைகிறது. கடற்காற்றின் ஈரம் ஓயாத சென்னையில் இந்தக் கட்டத்திற்குத்தான் அதிகப் பொறுமை தேவை.

கொலு பொம்மைகளுக்குப் பெயர்பெற்ற கொசப்பேட்டை போன்ற பகுதிகளில் விசாரித்துக் களிமண் வாங்கலாம். அதை உடைத்து, இரண்டு நாள் நீரில் ஊறவைத்துக் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, தெளிந்த நீரை இறுத்துவிட்டு, சப்பாத்தி மாவின் பதத்திற்கு வரும்வரை பருத்தித் துணியில் பரப்பி வைக்க வேண்டும். வடிகட்டுவதில் சலிப்புக் கூடாது. மண்ணில் தங்கும் சிறு சுண்ணாம்புத் துகள்கூட, சுட்ட பிறகு காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பருத்து, காதணியின் மேற்பரப்பைப் பெயர்த்துவிடும். உப்புக் கரிக்கும் ஆழ்துளைக் கிணற்று நீரையும் கடற்கரை மணலையும் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் அந்த உப்பு பின்னர் வெள்ளையாகப் பூத்து வெளியே தெரியும். பதம் வந்த மண்ணை உள்ளே காற்று தங்காதபடி நன்றாகப் பிசைய வேண்டும்.

ஒரே உருண்டையை எடை பார்த்து இரண்டாகப் பிரித்தால் ஜோடி ஒத்துவரும். காய்ந்து சுட்டபின் மண் சுருங்கிவிடுமாதலால், விரும்பும் அளவைவிடச் சற்றுப் பெரிதாகவே வடிக்க வேண்டும். ஜிமிக்கியின் குடைக்கு, முகப்பவுடர் தூவிய கோலிக்குண்டின் மேல் மெல்லிய மண் தகட்டைப் படியவைத்து, விளிம்பைச் சீராக நறுக்கி, மண் தன் வடிவத்தைத் தாங்கும் அளவு இறுகியதுமே குண்டைக் கழற்றிவிட வேண்டும். மண் சுருங்கும், கண்ணாடி சுருங்காது என்பதால், தாமதித்தால் குடை பிளந்துவிடும். உச்சியில் பதிக்கும் வளையத்திற்கு மின் அடுப்புச் சுருளில் உள்ள நிக்ரோம் கம்பியே ஏற்றது. செம்புக் கம்பி நெருப்பில் கருகிச் செதில் செதிலாக உரியும்.

இனி உலர்த்தல். முதல் நாள் செய்தித்தாளால் மூடி நிழலில் வைத்து, மறுநாள் திறந்து, அவ்வப்போது புரட்டிவிட வேண்டும். மின்விசிறிக்கு நேர்கீழேயும் கத்திரி வெயிலிலும் வைத்தால், மெல்லிய விளிம்பு முதலில் காய்ந்து இழுக்க, தடித்த பகுதி பின்தங்கி, இடையில் விரிசல் விழும். வடகிழக்குப் பருவமழை நாள்களில் ஒரு வாரத்திற்கு மேலும் ஆகலாம். கன்னத்தில் வைத்துப் பார்க்கையில் குளிர்ச்சி தெரிந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று பொருள். முழுதும் உலர்ந்தபின் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்துக் கொள்ளலாம்; தூசி மூக்கில் ஏறாதபடி முகக்கவசம் அணிவது அவசியம்.

சுடும்போது, எஞ்சிய ஈரம் நீராவியாகித் துண்டை வெடிக்கச் செய்யாதபடி, தொடக்கத்தில் ஒரு மணி நேரத்திற்கும் அதிகமாக மிகக் குறைந்த சூடே இருக்க வேண்டும். மண்ணோடு வேதியியலாகப் பிணைந்த நீர் ஏறக்குறைய 600 டிகிரி செல்சியசுக்குள் பிரிந்துவிடும். அதன் பிறகு காதணி நீரில் கரையாது. காற்றோட்டத்தோடு சுட்டால் மண்ணிலுள்ள இரும்பு செந்நிறம் தரும். உமி நிரப்பிய மூடிய பானையில் சுட்டால் கருநிறம் கிடைக்கும். வரட்டி அடுக்கிச் சுடும் மூட்டம் அடுக்குமாடி மொட்டை மாடிக்கு ஒவ்வாது. அங்கே வசிப்போருக்குச் சிறிய மின்சூளையே வழி. நெருப்பு தணிந்ததும் அவசரப்பட்டுத் திறக்காமல், தானே ஆறவிட வேண்டும். ஆறிய துண்டை நகத்தால் தட்டினால் கணீரென ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் நுண்விரிசல் இருக்கலாம், அல்லது வேக்காடு போதாமல் இருக்கலாம்.

வண்ணம் விரும்புவோர் அக்ரிலிக் பூசி, காய்ந்தபின் வார்னிஷ் அடிக்கலாம்; என் கண்ணுக்கு, பூச்சில்லாத செம்மண் நிறமே அழகு. தோட்டின் பின்புறத் தண்டைச் சுட்ட பிறகே எபாக்சி பசையால் ஒட்டி, ஒரு நாள் அசைக்காமல் விட வேண்டும். கொக்கிகளும் மணிகளும் பாரிமுனை, சௌகார்பேட்டைக் கடைகளில் கிடைக்கும்; காது புண்ணாகும் இயல்புடையோருக்கு நிக்கல் கலக்காத கொக்கியைக் கேட்டு வாங்குங்கள்.