பாக்கெட்டின் பின்புறத்தை வாசிக்கப் பழகுவோம்: உணவுச் சேர்க்கைப் பொருட்கள் பற்றித் தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

நாகர்கோவில் வடசேரிப் பேருந்து நிலையத்தில் மார்த்தாண்டம் பேருந்துக்காகக் காத்து நிற்பவர்கள் அருகிலுள்ள கடையை நோட்டம் விடுவது வழக்கம். கண்ணாடிப் பெட்டிக்குள் ஏத்தங்காய் (நேந்திரங்காய்)ச் சிப்ஸும் முந்திரிக்கொத்தும் அடுக்கியிருக்கும். அதற்கு மேலே ஐந்து ரூபாய், பத்து ரூபாய்ப் பாக்கெட்டுகள் சரம்சரமாகத் தொங்கும். அந்தப் பாக்கெட்டுகளின் முன்புறத்தை நம் பிள்ளைகள் நிறத்தைப் பார்த்தே அடையாளம் சொல்லிவிடுவார்கள். பின்புறத்தில் பொடி எழுத்தில் இருப்பதை வீட்டில் ஒருவரும் வாசிப்பதில்லை; வாசித்தாலும் 211, 319, 621 என்று வரும் எண்களைக் கண்டு, ஒன்று பயந்துவிடுகிறோம், இல்லையென்றால் பாக்கெட்டைக் கிழித்துவிடுகிறோம். இவ்விரண்டுக்கும் இடையில் நிதானமாகச் செய்யக்கூடியது என்ன என்பதே இந்த விளக்கத்தின் பொருள்.

தேவையானவை மூன்று: வீட்டில் ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும் ஏதேனும் ஒரு பாக்கெட், படம் எடுக்கும் வசதியுள்ள கைபேசி, கணக்குப் போட ஒரு துண்டுத் தாள்.

முதல் படி: படம் எடுத்துப் பெரிதாக்குங்கள்

பாக்கெட்டின் பின்புறத்தை வெளிச்சத்தில் படமெடுத்து, திரையில் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். அதில் உட்பொருள் பட்டியல், சத்து அட்டவணை, ஒவ்வாமை எச்சரிக்கை வரி, 14 இலக்க உரிம எண் ஆகிய நான்கும் எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடியுங்கள். இந்த விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்பதே இந்திய விதி. மாநில மொழியில் அச்சிடுவது உற்பத்தியாளரின் விருப்பம். தமிழை மட்டும் வாசிக்கத் தெரிந்த ஒரு பாட்டி தன் பேரனுக்கு என்ன வாங்கிக் கொடுக்கிறார் என்பதை அறிய வழியில்லாமல் இருப்பது நியாயமாக எனக்குப் படவில்லை. இந்த விதி மாறும்வரை வீட்டிலுள்ள இளையவர்கள்தாம் வாசித்துச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் படி: எண்களுக்கு முன் முதல் மூன்று சொற்கள்

உட்பொருட்கள் எடையின் இறங்குவரிசையில் எழுதப்பட வேண்டும் என்பது விதி. ஆகவே முதலில் வரும் மூன்று பெயர்களே பெரும்பாலும் அந்த உணவு. முன்புறத்தில் கோதுமைக் கதிர் படம் போட்ட பிஸ்கட்டின் பின்புறத்தில் மைதா, சீனி, பாமாயில் என்று தொடங்கினால், கதிருக்கும் உள்ளே இருப்பதற்கும் உள்ள உறவு உங்களுக்கே விளங்கிவிடும். ஒரு பொருளைப் பெயரிலோ படத்திலோ முன்னிறுத்தினால், அது எத்தனை விழுக்காடு என்றும் பட்டியலில் காட்ட வேண்டும். மாம்பழ பானத்தில் மாம்பழத்தின் விழுக்காட்டைத் தேடிப் பாருங்கள். குளுக்கோஸ் சிரப், இன்வெர்ட் சிரப் ஆகியவையும் சீனியின் கணக்கில் சேர்பவையே.

இந்தப் படியை எண்களுக்கு முன்னால் வைப்பதற்குக் காரணம் உண்டு. 2019-ஆம் ஆண்டு அமெரிக்காவில் 20 பேரை ஆய்வு மையத்திலேயே தங்க வைத்து, இரண்டு வாரம் ஆலையில் பக்குவப்படுத்திய உணவும், இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவும் கொடுத்தார்கள். பரிமாறப்பட்ட சீனி, உப்பு, கொழுப்பு, நார்ச்சத்து ஆகியவை இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவு; வேண்டிய அளவு சாப்பிடலாம் என்ற உரிமையும் உண்டு. ஆலை உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். இரண்டு வாரத்தில் ஏறக்குறைய 0.9 கிலோ எடையும் கூடியது. ஒரு தனி எண் செய்யும் தீங்கைவிட, அளவு தெரியாமல் உண்ண வைக்கும் அந்த மொத்தச் சேர்மானம்தான் பெரிய கவலை என்பது என் கருத்து.

மூன்றாம் படி: எண்ணின் முதல் இலக்கத்தைப் பாருங்கள்

பட்டியலின் கடைசிப் பகுதியில், அடைப்புக்குறிக்குள் ஐ.என்.எஸ். என்ற எழுத்துகளுடன் வரும் எண்கள் சேர்க்கைப் பொருட்களுக்கான பன்னாட்டு வரிசை எண்கள். ஐரோப்பியப் பொருட்களில் இதே எண்களுக்கு முன் ஈ என்ற எழுத்து இருக்கும். 100-இல் தொடங்குபவை நிறமூட்டிகள். 200-இல் தொடங்குபவை கெடாமல் காப்பவை. 300 வரிசையில் எண்ணெய் காறாமல் தடுப்பவையும் புளிப்பைச் சீராக்குபவையும் உள்ளன. 400 வரிசை கெட்டியாக்குவதற்கும் எண்ணெயையும் நீரையும் பிரியாமல் பிடித்து வைப்பதற்கும். 500 வரிசையில் சோடா வகைகள். 600 வரிசை சுவைகூட்டிகள். 900 வரிசையில் செயற்கை இனிப்புகள் உள்ளன.

எண் இருப்பதாலேயே ஒரு பொருள் நஞ்சாகிவிடாது. மஞ்சளில் உள்ள குர்குமின் 100, வைட்டமின் சி 300, எலுமிச்சையின் புளிப்பான சிட்ரிக் அமிலம் 330, பழங்களில் உள்ள பெக்டின் 440, ஆப்பசோடா 500. நம் அடுக்களை அலமாரிக்கும் எண் போட்டால் பாதி டப்பாக்களில் எண் இருக்கும்.

அதேபோல், "பிரிசர்வேட்டிவ் சேர்க்கப்படவில்லை" என்று முன்புறத்தில் பெரிதாக எழுதியிருப்பதைக் கண்டு மகிழ்ந்துவிடவும் வேண்டாம். 200 வரிசை இல்லாவிட்டாலும், எண்ணெய் காறாமல் தடுக்கும் 319 உள்ளே இருக்கலாம். அதைச் சட்டம் வேறு வகையாகவே கணக்கிடுகிறது.

நான்காம் படி: நின்று பார்க்க வேண்டிய எண்கள்

குழந்தைகள் உள்ள வீடு என்றால் முதலில் நிறங்களைப் பாருங்கள். 102 என்பது டார்ட்ரசின், 110 சன்செட் யெல்லோ, 122 கார்மோய்சின், 124 பொன்சோ. 2007-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூன்று வயதுக் குழந்தைகளுக்கும் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கும் இந்நான்கு உட்பட்ட நிறங்களின் கலவையைச் சோடியம் பென்சோயேட்டுடன் பானமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். துறுதுறுப்பும் கவனச்சிதறலும் சராசரியாகச் சிறிதளவு கூடின. எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரே மாதிரி அல்ல. கூடிய அளவும் பெரிதல்ல. ஆயினும் 2010 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்நிறங்கள் கொண்ட உணவுகளில், குழந்தைகளின் செயல்பாட்டையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கை கட்டாயமாயிற்று. நிறம் உடலுக்கு எந்தச் சத்தையும் தருவதில்லை. ஆகையால் இதில் சந்தேகத்தின் பலனைக் குழந்தைக்கே கொடுத்துவிடலாம்.

220 முதல் 228 வரையுள்ள சல்ஃபைட்டுகள் ஆஸ்துமா உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு மூச்சுத்திணறலைத் தூண்டக்கூடியவை. கிறிஸ்துமஸ் கேக்குக்காக வாங்கும் வெளிர்பொன் நிற உலர்திராட்சை பழுப்பாகாமல் இருப்பது இவற்றாலேயே. பிடித்த இறால் கறுத்துவிடாமல் இருக்கவும் இதே வகைப் பொருளைப் பயன்படுத்துவது உண்டு. கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் ஒவ்வாமை வரியில் சொல்ல வேண்டும் என்பது விதி. இழுப்பு உள்ளவர் வீட்டில் இருந்தால் அந்த ஒரு வரியைத் தவறாமல் வாசியுங்கள்.

211 எனப்படும் சோடியம் பென்சோயேட்டும் 300 எனப்படும் வைட்டமின் சி-யும் ஒரே பானத்தில் இருந்தால், வெப்பமும் வெளிச்சமும் படும்போது மிகச் சிறிய அளவில் பென்சீன் உருவாகக்கூடும். கன்னியாகுமரி கடற்கரைச் சாலையில் நண்பகல் வெயிலில் அடுக்கி வைத்திருக்கும் பாட்டில்களை விட்டு, உள்ளே நிழலில் இருப்பதைக் கேட்டு வாங்குவது எளிய காரியம்.

250, 251 ஆகிய நைட்ரைட்டு, நைட்ரேட்டு உப்புகள் சாசேஜ், சலாமி போன்ற பதப்படுத்திய இறைச்சிகளில் வரும். கொடிய நச்சுக்கிருமியான போட்டுலினத்தைத் தடுப்பதால் இவற்றுக்கு ஒரு நியாயம் உண்டு. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் பதப்படுத்திய இறைச்சியை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான முதல் பிரிவில் வைத்தது. நாள்தோறும் 50 கிராம் உண்பவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு, உண்ணாதவரைவிடச் சுமார் 18 விழுக்காடு கூடுகிறது என்பது அவர்கள் தந்த மதிப்பீடு. என்றோ ஒரு நாள் உண்பதையும் அன்றாடம் உண்பதையும் ஒன்றாகக் கருத வேண்டியதில்லை.

621, அதாவது அஜினோமோட்டோ என்ற பெயரில் ஊரறிந்த உப்பைப் பற்றி அளவுக்கு மீறிய பயம் நிலவுகிறது. 1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இக்கேடா கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்த குளூட்டமேட்டு, நாம் குழம்பில் போடும் தக்காளியிலும் இயற்கையாகவே உண்டு. சிலருக்குத் தலைவலியோ படபடப்போ வரலாம், அவர்கள் தவிர்க்கலாம். பன்னிரண்டு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்கு வேண்டாம் என்று இந்திய உறைகளிலேயே எழுதியிருக்கும். மற்றவர்கள் அஞ்ச வேண்டியது அதனுடன் சேர்ந்து வரும் சாதாரண உப்பைத்தான்.

951 எனப்படும் அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பை 2023 ஜூலையில் அதே புற்றுநோய் ஆய்வு முகமை, சான்று குறைவாகவே உள்ள "சாத்தியமுள்ள" பிரிவில் சேர்த்தது. நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை வேறொரு வல்லுநர் குழு மாற்றாமல் வைத்தது. சிறுநீரக நோயாளிகள் 338, 339, 450, 451, 452 ஆகிய பாஸ்பேட்டு எண்களைக் கவனிக்க வேண்டும். உணவில் இயற்கையாக உள்ள பாஸ்பரஸைவிட இவை உடலில் எளிதாகச் சேர்ந்துவிடும்.

ஐந்தாம் படி: சிறு கணக்கு

ஒருவர் வாழ்நாள் முழுவதும் தினமும் உட்கொண்டாலும் தீங்கில்லை எனக் கருதப்படும் அளவை வல்லுநர்கள் உடல் எடைக்கேற்ப வகுத்திருக்கிறார்கள். வழக்கமாக, விலங்குகளுக்குத் தீங்கு தராத அளவை 100-ஆல் வகுத்து இதைப் பெறுகிறார்கள். 110 என்ற நிறத்துக்கு அது கிலோவுக்கு 4 மில்லிகிராம். 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 60 மில்லிகிராம். இந்தியாவில் செயற்கை நிறம் அனுமதிக்கப்பட்ட பெரும்பாலான பொருட்களில் உச்சவரம்பு கிலோவுக்கு 100 மில்லிகிராம். அந்த வரம்பைத் தொடும் 200 மில்லி பானத்தில் 20 மில்லிகிராம் இருக்கும். ஒன்று குடித்தால் கவலையில்லை; நாள்தோறும் மூன்று என்றால் குழந்தை எல்லைக்கோட்டிலேயே நிற்கிறது. அதே பானத்தை 60 கிலோ எடையுள்ள அப்பா குடித்தால் கணக்கே வேறு. பெரியவருக்கு ஒத்துக்கொள்வதைப் பிள்ளைக்கும் அதே அளவில் கொடுக்கக் கூடாது என்பதை இந்தக் கணக்கு தெளிவாகக் காட்டுகிறது.

அடுத்தது உப்பு. சத்து அட்டவணையில் சோடியம் என்றுதான் இருக்கும்; அதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வரும். 100 கிராமுக்கு 1200 மில்லிகிராம் சோடியம் எனக் காட்டும் 70 கிராம் நூடுல்ஸ் பாக்கெட்டில் 840 மில்லிகிராம் சோடியம், அதாவது 2.1 கிராம் உப்பு இருக்கிறது. நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. "100 கிராமுக்கு" என்பதையும் "ஒரு பரிமாறலுக்கு" என்பதையும் குழப்பிக்கொள்ளாமல் கணக்கிடுங்கள். நம்மூர்க் கருவாட்டிலும் ஊறுகாயிலும் எந்த எண்ணும் அச்சிட்டிருக்காது. உப்பு நிறையவே இருக்கும், அதையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: எழுத்தே இல்லாத பொருட்கள்

எண் போட்ட பாக்கெட்டைவிட, ஒன்றுமே எழுதாத பாலித்தீன் பையும் திருவிழாக் கடையும்தான் எனக்கு அதிகக் கவலை தருகின்றன. 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தடை விதித்தது. துணிக்குப் போடும் சாயமான ரோடமின்-பி அதில் இருந்ததை ஆய்வகச் சோதனை காட்டியதே காரணம். உணவில் எந்த அளவிலும் அனுமதிக்கப்படாத இந்தச் சாயத்துக்கு ஐ.என்.எஸ். எண்ணே கிடையாது. மண்டைக்காட்டுக் கொடையானாலும் கோட்டாறு சவேரியார் திருவிழாவானாலும், கண்ணைப் பறிக்கும் ரோஜா நிறத் தின்பண்டத்தைப் பிள்ளை கை நீட்டிக் கேட்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

ஏத்தங்காய்ச் சிப்ஸுக்கு வீட்டிலேயே ஒரு முதற்சோதனை செய்யலாம். வெள்ளைக் கிண்ணத்தில் வெதுவெதுப்பான நீர் எடுத்து, நான்கைந்து சிப்ஸை நொறுக்காமல் போட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். மஞ்சள்தூளின் நிறம் நீரில் எளிதாகக் கரையாது. லேசாகக் கலங்கி அடியில் படியும். நீர் தெளிவாக இருந்துகொண்டே பளிச்சென்று மஞ்சளாக மாறினால், நீரில் கரையும் செயற்கை நிறம் சேர்ந்திருக்கலாம் என்று சந்தேகிக்கலாம். வேறொரு சிப்ஸின் மேல் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தொட்டுத் தேயுங்கள். ஆரத்தி கரைக்கும்போது சிவப்பது போல அடர்ந்து சிவந்தால் மஞ்சள் இருக்கிறது என்று பொருள். மஞ்சளுடன் சாயத்தையும் கலந்திருந்தால் இந்தச் சோதனையில் பிடிபடாது. உறுதியான விடையை ஆய்வகம்தான் தர முடியும்.

அந்த விடையைக் கேட்டுப் பெறும் உரிமை வாங்குபவருக்கு உண்டு. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டத்தின் 40-ஆம் பிரிவின்படி, கட்டணம் செலுத்தி எவரும் தாம் வாங்கிய உணவை உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்துச் சோதிக்கலாம்; அவ்வாறு சோதிக்கப் போவதாக வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும்; மாதிரி விதிமீறியது எனத் தெரியவந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். உறையிட்ட பொருள் என்றால் உறையையும் ரசீதையும் எறிந்துவிடாமல், தொகுதி எண்ணும் தேதியும் தெரியும்படி படமெடுத்து, மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரின் அலுவலகத்தில் புகாருடன் சேர்த்துக் கொடுங்கள்.