தாதிப் பணிக்குத் திரும்புவோர் புத்தாக்கப் பயிற்சியைத் தேர்ந்தெடுக்கும் முறை

பிள்ளை வளர்ப்பு, மாமியாரின் நீண்டகால நோய், கணவரின் வேலை மாற்றம் என ஏதோ ஒரு காரணத்தால் தாதிப் பணியை விட்டு விலகி, இப்போது மீண்டும் வார்டுக்குத் திரும்ப எண்ணும் பெண்கள் பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் பலர் இருக்கிறார்கள். எண்ணம் வந்ததும் பலர் செய்வது, கைபேசியில் கண்ணில் படும் ஒரு பயிற்சியில் பெயரைப் பதிந்து பணத்தைக் கட்டிவிடுவதுதான். பயிற்சி முடிந்த பிறகே அந்தச் சான்றிதழை யார் ஏற்பார்கள் என்ற கேள்வி எழுகிறது. உங்கள் பதிவு இன்று எந்த நிலையில் இருக்கிறது, எந்த இடத்தில் வேலை செய்யப் போகிறீர்கள் என்ற இரண்டையும் முதலில் தீர்த்துக்கொண்டு, அதற்குப் பிறகு பயிற்சியைத் தேடுங்கள். தேடும்போதும், எத்தனை நாள், என்ன கட்டணம் என்பவற்றைவிட, நோயாளியின் படுக்கையருகே எத்தனை மணி நேரம், யாருடைய மேற்பார்வையில் என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் வாரியம்

1950ஆம் ஆண்டின் தாதியர் சட்டத்தின்கீழ் மலேசியத் தாதியர் வாரியம் வைத்திருக்கும் பதிவேட்டில் உங்கள் பெயர் இருப்பது வேறு. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய பணிச் சான்றிதழ், அதாவது நாம் அனைவரும் ஏபிசி என்று சொல்வது, கையில் இருப்பது வேறு. பல ஆண்டுகள் வீட்டில் இருந்தவர்கள் இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதி, “நான் பதிவு பெற்ற தாதிதானே” என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். ஏபிசி இல்லாமல் எந்த மருத்துவமனையிலும் தாதியாகப் பணியாற்ற முடியாது. அதைப் புதுப்பிக்கத் தொடர்கல்விப் புள்ளிகளும் கேட்கப்படுகின்றன. பேறுகாலப் பணிக்குத் திரும்ப விரும்புவோர், அதற்கு 1966ஆம் ஆண்டின் தனிச் சட்டமும் தனிப் பதிவும் உண்டு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆகவே, புத்ராஜெயாவில் சுகாதார அமைச்சின்கீழ் இயங்கும் வாரியத்திற்கு எழுத்து மூலமாக எழுதுங்கள். முழுப் பெயர், அடையாள அட்டை எண், பதிவு எண், கடைசியாக ஏபிசி பெற்ற ஆண்டு, கடைசியாக வேலை செய்த இடமும் பிரிவும் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, உங்கள் இடைவெளிக்கு எவ்வளவு காலப் பயிற்சி தேவை, அதை எங்கே செய்யலாம், முடித்ததற்கான கடிதத்தில் யார் கையொப்பமிட வேண்டும் என்ற மூன்றையும் நேராகக் கேளுங்கள். தொலைபேசியில் கிடைக்கும் பதிலை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். எழுத்தில் வரும் பதில்தான் பின்னர் கல்லூரியிடமும் மருத்துவமனையிடமும் காட்டக்கூடியது. சிங்கப்பூரிலோ சவூதி அரேபியாவிலோ வேலை செய்துவிட்டுத் திரும்பியவர்கள், அந்நாட்டில் தாதியரைப் பதிவு செய்யும் அமைப்பிடமிருந்து நன்னடத்தைச் சான்றையும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அது வந்துசேர நாளாகும்.

எந்த வேலைக்குத் திரும்புகிறீர்கள்

பொது மருத்துவ வார்டு, அறுவைச் சிகிச்சைக் கூடம், தீவிர சிகிச்சைப் பிரிவு, டயாலிசிஸ் நிலையம், கிளினிக், முதியோர் இல்லம் ஆகிய எல்லாவற்றுக்கும் ஒரே பயிற்சி பொருந்தாது. குறிப்பாக டயாலிசிஸ் நிலையங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நோயாளி வாரத்திற்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 4 மணி நேரம் வந்து போகும் அட்டவணை என்பதாலும், பெரும்பாலும் இரவு ஷிப்ட் இல்லை என்பதாலும், பிள்ளைகள் உள்ள தாய்மார்கள் அந்த வேலையை விரும்புகிறார்கள். ஆனால் 1998ஆம் ஆண்டின் தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள் சட்டமும் அதன் 2006ஆம் ஆண்டு விதிமுறைகளும் அத்தகைய நிலையங்களையும் கட்டுப்படுத்துகின்றன. சிறுநீரகப் பராமரிப்பில் போஸ்ட் பேசிக், அதாவது அடிப்படைத் தாதிப் படிப்புக்குப் பிந்தைய சிறப்புப் பயிற்சி, படித்தவருக்கே அங்கு முதலிடம் கிடைக்கும். பொதுவான புத்தாக்கப் பயிற்சி உங்களை மறுபடியும் தாதியாக்கும். சிறப்புப் பிரிவுத் தாதியாக்காது. முதலில் பொது வார்டில் காலூன்றி, பிறகு போஸ்ட் பேசிக்குப் போவதே பெரும்பாலோருக்கு ஏற்ற வழி.

படுக்கையருகே செலவிடும் நேரம்

பயிற்சி நடத்துவோர் முதலில் காட்டுவது பாடத்திட்டத்தை. நீங்கள் முதலில் கேட்க வேண்டியது மருத்துவமனைப் பயிற்சி எங்கே, எந்த வார்டில், எத்தனை மணி நேரம் என்பதை. இணையவழிப் பாடம் மட்டுமே உள்ள பயிற்சியால் அறிவைப் புதுப்பிக்க முடியும், தொடர்கல்விப் புள்ளியும் கிடைக்கலாம். ஆனால் 28 படுக்கைகள் உள்ள வார்டில், ஒரே நேரத்தில் மூன்று அழைப்பு மணி ஒலிக்கும்போது எதை முதலில் கவனிப்பது என்ற தீர்மானத்தை அது திரும்பத் தராது. இடைவெளியால் முதலில் மங்குவது மருந்துப் பெயர்கள் என்று பலர் அஞ்சுகிறார்கள். நான் பார்த்தவரையில், உண்மையில் மங்குவது இந்த முன்னுரிமைத் தீர்மானமும் கை வேகமும்தான், அவை இரண்டும் வார்டில் நின்றால் மட்டுமே திரும்பும்.

மணி நேரத்தோடு சேர்த்து மேற்பார்வையையும் விசாரிக்க வேண்டும். ஒவ்வொரு ஷிப்டிலும் உங்களுக்கென்று ஒரு மூத்த தாதி பெயர் குறிப்பிட்டு ஒதுக்கப்படுவாரா, அல்லது அன்றைக்கு யார் ஓய்வாக இருக்கிறாரோ அவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டுமா? ஆள் பற்றாக்குறை உள்ள வார்டில் ஓய்வாக இருப்பவர் எவரும் இல்லை. அங்கே பயிற்சிக்கு வந்தவர் படுக்கை விரிப்பதிலும் நோயாளியை எக்ஸ்ரேக்குத் தள்ளிக்கொண்டு போவதிலும் நாளைக் கழித்துவிட்டு வீடு திரும்புவார். லாக் புக்கை, அதாவது செய்த செயல்முறைகளைக் குறித்துவைக்கும் பயிற்சிப் பதிவேட்டை, கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் சிரைவழி ஊசிக் குழாய் பொருத்துதல், இரத்தம் ஏற்றுதல், மருந்து வழங்குதல், மூக்குவழி உணவுக்குழாய், காயக் கட்டு, பணி மாறும்போது ரிப்போர்ட் ஒப்படைத்தல் போன்றவை தனித்தனியாக இருக்கின்றனவா, ஒவ்வொன்றையும் எத்தனை முறை செய்ய வேண்டும் என்று உள்ளதா, பார்த்தவர் கையொப்பமிட இடம் உள்ளதா என்று கவனியுங்கள். வருகைப் பதிவு மட்டுமே உள்ள பயிற்சி உங்கள் திறமைக்கு எந்தச் சாட்சியும் தராது.

ஏபிசி காலாவதியான நிலையில் வார்டுக்குள் வருபவரின் தகுதி என்ன என்பதையும் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். எந்தெந்தச் செயல்களைத் தனியாகச் செய்யக் கூடாது, தவறு நேர்ந்தால் காப்புறுதி யாருடையது, ஊசி குத்திவிட்டால் செலவை யார் ஏற்பார்கள் என்பவை அனைத்தும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். ஊசிக் காயத்திற்குப் பிந்தைய எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்திற்குள், கூடிய விரைவில், தொடங்கியாக வேண்டும் என்பதால், இரவு 2 மணிக்கு நடந்தால் எங்கே போக வேண்டும் என்று கேட்பது மிகை அன்று. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்ட ஆதாரத்தையும் எதிர்ப்பாற்றல் அளவையும் பயிற்சிக்கு முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பாடத்தில் என்ன இருக்க வேண்டும்

நீங்கள் படித்த காலத்துக்குப் பிறகு மாறியவற்றை நேரடியாகத் தொடும் பாடமே உங்களுக்கு வேண்டும். உயிர்காப்பு முறையை எடுத்துக்கொள்வோம். 2010ஆம் ஆண்டின் வழிகாட்டிக்கு முன் படித்தவர்கள் மூச்சுப்பாதை, மூச்சு, இரத்த ஓட்டம் என்ற வரிசையில் பழகியவர்கள். அதன் பின் பெரியவர்களுக்கு மார்பு அழுத்தமே முதலில் வருகிறது. 2015 முதல் அழுத்தத்தின் வேகம் நிமிடத்திற்கு 100 முதல் 120 என்றும், ஆழம் குறைந்தது 5 சென்டிமீட்டர், 6க்கு மேல் போகக் கூடாது என்றும் வரையறுக்கப்பட்டது. பழைய வரிசை கையிலேயே ஊறிப்போயிருப்பதால், இதைப் படித்து மாற்ற முடியாது. பொம்மையின்மீது பலமுறை செய்துதான் மாற்ற முடியும். பிஎல்எஸ், அதாவது அடிப்படை உயிர்காப்புப் பயிற்சிச் சான்றிதழ், கட்டணத்தில் அடங்குமா என்றும் கேளுங்கள்.

வலியை ஐந்தாவது உயிர்க்குறியாகப் பதிவு செய்யும் முறை சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளில் 2008இல் தொடங்கியது. கைகழுவ வேண்டிய ஐந்து தருணங்களை உலக சுகாதார நிறுவனத்தின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டி நிலைநிறுத்தியது. கோவிட் காலத்தில் வீட்டிலிருந்தவர்கள் பாதுகாப்பு உடையைப் போடுவதையும், அதைவிட முக்கியமாகக் கழற்றுவதையும், ஒருவர் பார்த்துத் திருத்தப் பழக வேண்டும். பெயரும் ஒலியும் ஒத்த மருந்துகளைப் பிரித்து வைப்பது, திரவத்தை அளவோடு செலுத்தும் இன்ஃப்யூஷன் பம்பை அமைப்பது ஆகியவையும் பாடத்தில் இருக்க வேண்டும். கணினிப் பதிவும் அப்படியே: 1999இல் திறந்த செலாயாங் மருத்துவமனை தொடங்கிவைத்த காகிதமற்ற முறை இன்று பல இடங்களில் வெவ்வேறு மென்பொருளாக இருக்கிறது, பெட் ஹெட் டிக்கெட் என்னும் நோயாளிக் கோப்பில் கையால் எழுதிப் பழகியவருக்கு ஒரு பயிற்சிக் கணக்கையாவது கொடுத்துப் பழக விடுகிறார்களா என்று பாருங்கள்.

நம் ஊரில் டெங்கியை விட்டுவிட்டு எந்தப் பயிற்சியும் முழுமையாகாது. காய்ச்சல் இறங்கியதும் நோயாளி தேறிவிட்டார் என்று குடும்பத்தார் மகிழும் நேரமே ஆபத்துக் கட்டம் தொடங்கும் நேரம். அடுத்த 24 முதல் 48 மணி நேரத்தில் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு, சோர்வு, ஹெமட்டோகிரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம்) உயர்வு ஆகியவற்றை முதலில் காண்பவர் மருத்துவர் அல்லர், தாதிதான். டெங்கி நோயாளியின் திரவக் கணக்கையும் கவனிப்பு அட்டவணையையும் வைத்து ஒரு பயிற்சி வகுப்பு உண்டா என்று நான் கட்டாயம் கேட்பேன்.

சேர்வதற்கு முன்பு உங்களையே சோதித்துக்கொள்ள ஒரு கணக்கு: 500 மில்லிலிட்டர் திரவத்தை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், குழாய் மில்லிலிட்டருக்கு 20 துளி தருகிறது எனில், நிமிடத்திற்கு எத்தனை துளி? சுமார் 42 என்ற விடை தாளும் பேனாவும் கொண்டு இரண்டு நிமிடத்தில் வந்தால், மருந்துக் கணக்கில் நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. வராவிட்டால், நுழைவு நிலைத் தேர்வு வைத்து, பலவீனமான பகுதிக்குக் கூடுதல் நேரம் தரும் பயிற்சியைத் தேர்ந்தெடுங்கள்.

பணமும் பாலமும்

விளம்பரத்தில் எச்ஆர்டி கார்ப் எனும் மனிதவள மேம்பாட்டுக் கழகத்தின் நிதியைக் கோரலாம் என்று இருந்தால் ஏமாந்துவிட வேண்டாம். அது முதலாளி தன் ஊழியருக்காகக் கோரும் தொகை. தாதியர் வாரியம் அந்தப் பயிற்சியை ஏற்கிறது என்பதற்கு அது சான்றாகாது. ஒரு தனியார் மருத்துவமனை பயிற்சிச் செலவை ஏற்று வேலையும் தருவதாகச் சொன்னால், அது நல்ல வாய்ப்பு; ஆனால் எத்தனை ஆண்டு பாண்ட் (கட்டாயப் பணி ஒப்பந்தம்), இடையில் விலகினால் கட்ட வேண்டிய தொகை பணிபுரிந்த மாதங்களுக்கு ஏற்பக் குறையுமா, எந்தப் பிரிவில் போடுவார்கள் என்பதைக் கையொப்பத்திற்கு முன் வீட்டில் ஒருவரையும் படிக்கச் சொல்லுங்கள். குறைந்தது 2 ஆண்டுகள் வேலையை விட்டிருந்த பெண்கள் திரும்பும்போது 12 மாதச் சம்பளத்திற்கு வருமான வரி விலக்குப் பெறும் திட்டம் 2018ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிமுகமானது. அதற்கான விண்ணப்பம் டேலன்ட்கார்ப் என்னும் அரசு நிறுவனத்தின் வழியாகச் செல்வதால், வேலை தொடங்கும் தேதியை உறுதிசெய்யும் முன்பே அங்கே விசாரித்துவிடுங்கள்.

பயிற்சி இடத்தின் தூரத்தைச் சிறிய விஷயமாகக் கருத வேண்டாம். காலை 7 மணி ஷிப்டுக்குப் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பாலம் கடந்து ஜார்ஜ்டவுன் வர வேண்டியவர் 5 மணிக்கே எழுந்து, பிள்ளைகளின் சாப்பாட்டை முடித்துவிட்டுப் புறப்பட வேண்டும். இரவு 9 மணிக்கு முடியும் ஷிப்டின் பின் பேருந்து கிடைக்குமா என்பதும் கேள்வி. செபராங் ஜெயா மருத்துவமனைப் பகுதியிலேயே பயிற்சி வார்டு கிடைக்குமானால், பெயர் பெற்ற தீவு மருத்துவமனையைவிட அதையே நான் பரிந்துரைப்பேன். மூன்று ஷிப்டுகளையும் பயிற்சியிலேயே செய்து பாருங்கள். காலை ஷிப்ட் மட்டும் கொண்ட பயிற்சி வீட்டாருக்கும் உங்களுக்கும் உண்மை நிலையைக் காட்டாது. தமிழ் மட்டுமே பேசும் முதிய நோயாளிகள் உள்ள வார்டுகளில் உங்கள் மொழி ஒரு பெரிய துணை. நேர்முகத்தில் அதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

கடைசியாக, முடிவுத் தேதியைக் கணக்கிடுங்கள். ஏபிசி டிசம்பர் 31 உடன் முடியும் ஓராண்டுச் சான்றிதழ் என்பதால், நவம்பரில் பயிற்சி முடிப்பவர் அந்த ஆண்டுக்கு விண்ணப்பிப்பதா, அடுத்த ஆண்டுக்கா என்பதை வாரியத்திடம் முன்பே கேட்டு, தொடர்கல்விப் புள்ளிகள் எந்த ஆண்டில் சேரும் என்பதையும் உறுதிசெய்துகொண்டு, அதன் பிறகே சேரும் மாதத்தை முடிவு செய்ய வேண்டும்.