ஆங்கிலேயப் பிரபு ஒருவரின் அரசியல் வாழ்க்கையை எழுதுவது எப்படி: லார்ட் நார்த்தை வைத்து ஒரு செய்முறை

ஆங்கிலேயப் பிரபுக்களைப் பற்றி எழுதும்போது பிழை பெரும்பாலும் பெயரில்தான் தொடங்கும். ஒரே ஆள் மூன்று பெயர்களில் வருவார். ஒரே பெயரில் மூன்று ஆட்கள் வருவார்கள். அதனால் பிறப்பு, படிப்பு, திருமணம் என்று எழுத உட்காரும் முன் ஒரு தாளில் பட்டக்கணக்கைப் போட்டுவிடுங்கள். அமெரிக்காவை இழந்த பிரதமர் என்று பெயரெடுத்த லார்ட் நார்த்தை எடுத்துக்கொள்வோம். இடறி விழக்கூடிய குழிகள் ஏறக்குறைய அத்தனையும் இவர் ஒருவர் வாழ்க்கையிலேயே இருக்கின்றன.

தாளில் வர வேண்டியது இவ்வளவுதான்:

1732: பிறப்பு. பெயர் ஃபிரெடெரிக் நார்த். தந்தை ஃபிரான்சிஸ் நார்த் அப்போது கில்ஃபோர்ட் பாரன் (பிரபுப் பட்டங்களில் கடைசிப் படி).
1752: தந்தை கில்ஃபோர்ட் ஏர்ல் (பாரனைவிட உயர்ந்த படி) ஆகிறார். மகன் 'லார்ட் நார்த்' என்று அழைக்கப்படுகிறார்.
1790 ஆகஸ்ட் 4: தந்தை மறைவு. மகன் 2ஆவது கில்ஃபோர்ட் ஏர்ல்.
1792 ஆகஸ்ட் 5: மறைவு.

இதில் 1752 முதல் 1790 வரை உள்ள 38 ஆண்டுகளைக் கவனியுங்கள். அந்தக் காலம் முழுவதும் அவர் பெயரில் 'லார்ட்' இருந்தது. ஆனால் அவர் சட்டப்படி பிரபு அல்ல. டியூக், மார்க்வெஸ், ஏர்ல் ஆகிய மூன்று படிகளில் இருப்பவரிடம் கீழ்ப்படிப் பட்டங்களும் சேர்ந்தே இருப்பது வழக்கம். அவற்றில் ஒன்றைத் தந்தை உயிரோடு இருக்கும்வரை மூத்த மகன் மரியாதைக்காகப் பயன்படுத்திக்கொள்வார். அது பிரபுக்கள் சபையில் இடம் தராது. நார்த் பிரதமராக இருந்த 12 ஆண்டுகளும் தேர்தலில் வென்றவர்கள் அமரும் காமன்ஸ் சபையில்தான் உட்கார்ந்திருந்தார். 'பிரபுக்கள் சபையிலிருந்து வந்த பிரதமர்' என்று எழுதினால் அங்கேயே கட்டுரை கவிழ்ந்துவிடும்.

இளைய மகன்களுக்கு வேறு விதி. டியூக், மார்க்வெஸ் ஆகியோரின் இளைய மகன் தன் சொந்தப் பெயருக்கு முன் 'லார்ட்' போட்டுக்கொள்வார். ஏர்லின் இளைய மகனுக்கு 'ஆனரபிள்' (மாண்புமிகு) என்ற அடைமொழி மட்டும்தான். ஆகவே நம்மவரை 'லார்ட் நார்த்' எனலாம்; 'லார்ட் ஃபிரெடெரிக் நார்த்' என்றால் வேறு வகைக் குடும்பத்து இளைய பிள்ளை ஆகிவிடுவார்.

இலங்கை வரலாறு படிப்பவர்களுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை. 1798 முதல் 1805 வரை இலங்கையின் முதல் பிரித்தானிய ஆளுநராக இருந்த ஃபிரெடெரிக் நார்த், இந்தப் பிரதமரின் கடைசி மகன். ஆளுநராக இருந்தபோது அவர் வெறும் 'ஆனரபிள்'. அண்ணன்மார் இருவர் அடுத்தடுத்து ஏர்ல் ஆகி, ஆண் வாரிசு இன்றி மறைந்த பிறகு, 1817இல்தான் அவர் 5ஆவது கில்ஃபோர்ட் ஏர்ல் ஆனார். 'கில்ஃபோர்ட் பிரபு இலங்கையை ஆண்டார்' என்ற வாக்கியம் இரண்டு காலங்களை ஒட்டுப்போட்டு வந்தது.

பட்டத்தின் எண்ணை ஒருபோதும் விடாதீர்கள். அரசர்களுக்கு எண் பெயரோடு சேரும். பிரபுக்களுக்குப் பட்டத்தோடு சேரும். வாரிசு அற்றுப்போன பட்டத்தை மறுபடி புதிதாக வழங்கினால் எண்ணும் ஒன்றிலிருந்தே தொடங்கும். 1744இலும் 1837இலும் முதலாவது லெஸ்டர் ஏர்ல் ஆன இருவருக்குமே தாமஸ் என்ற பெயர், கோக் என்ற குடும்பப் பெயர். எண்ணும் போதாத இத்தகைய இடத்தில் பட்டம் வழங்கிய ஆண்டையும் சேர்த்து எழுத வேண்டும்.

அடுத்தது தேதி. இங்கிலாந்து 1752 செப்டம்பர் 2க்கு அடுத்த நாளைச் செப்டம்பர் 14 ஆக்கிப் புதிய நாட்காட்டிக்கு மாறியது. நார்த் பிறந்த 1732 ஏப்ரல் 13 பழைய கணக்கு. புதிய கணக்கில் ஏப்ரல் 24. பழைய தேதியையே எழுதி, பழைய கணக்கு என்று ஒரு சொல் சேர்த்தால் போதும். ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரை உள்ள பழைய தேதிகளில் ஆண்டே ஒன்று பிசகும், ஏனென்றால் அன்றைய இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25இல்.

பதவிகளை அடுக்கும்போது சொற்களை நம்பாதீர்கள். 1759இல் நார்த் 'கருவூலத்தின் லார்ட்' ஆனார் என்றால் பட்டம் கிடைத்தது என்று பொருள் அல்ல. கருவூல வாரிய உறுப்பினர் பதவிக்கு அதுதான் பெயர். பிரதமர் என்று நாம் எழுதுவதும் அன்றைய ஏட்டில் 'கருவூலத்தின் முதல் லார்ட்'தான். அதை அவர் 1770 ஜனவரியில் ஏற்றார். 1767இல் ஏற்ற நிதியமைச்சர் பதவியையும் கூடவே வைத்துக்கொண்டார். அவர் தொகுதியான பான்பரியில் இடைத்தேர்தல்கள் பலமுறை வருவதைப் பார்த்துத் தோற்றாரோ என்று எண்ண வேண்டாம். அரசரிடம் சம்பளப் பதவி ஏற்கும் உறுப்பினர் இடத்தைத் துறந்து மறுபடி தேர்வாக வேண்டும் என்பது அன்றைய சட்டம். அந்தத் தொகுதியில் வாக்காளர்கள் மொத்தம் 18 பேர். குடும்ப மாளிகை ராக்ஸ்டன் பக்கத்திலேயே. 'மக்களின் பேராதரவு' என்று எழுதிவிடாமல் இருக்க இந்த ஓர் எண் போதும்.

கொள்கைகளைப் பற்றி எழுதும்போது பெரும்பாலோர் அமெரிக்காவை ஒரு பத்தியிலும் இந்தியாவை இன்னொரு பத்தியிலும் வைப்பார்கள். 1773ஐ அப்படிப் பிரித்தால் எதுவும் விளங்காது. கிழக்கிந்தியக் கம்பெனி கடனில் மூழ்கியிருந்தது. நார்த் அதற்கு 14 லட்சம் பவுண்டு கடன் கொடுத்தார். பதிலுக்கு ஒழுங்குமுறைச் சட்டத்தைப் போட்டு, சென்னையும் பம்பாயும் போர், சமாதானம் ஆகிய விஷயங்களில் வங்காளத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்றார். கம்பெனிக் கிடங்குகளில் தேங்கிய தேயிலையை விற்றுத் தீர்க்கவே அதே ஆண்டில் தேயிலைச் சட்டம். அது வரியை உயர்த்தியது என்று எழுதுவது பரவலான தவறு. அமெரிக்காவில் ஒரு பவுண்டு எடைத் தேயிலைக்கு 3 பென்ஸ் என்ற பழைய வரி அப்படியே இருந்தது. இங்கிலாந்தில் கட்டும் சுங்கம் திரும்பக் கிடைத்ததால் தேயிலை மலிவானது. வரி விதிக்கும் உரிமையை மலிவு விலையால் ஒப்புக்கொள்ள வைக்கப் பார்க்கிறார்கள் என்றே அமெரிக்கக் குடியேற்றக்காரர்கள் அதைக் கண்டார்கள். டிசம்பரில் பாஸ்டன் துறைமுகத்தில் அந்தத் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள்.

வீழ்ச்சியை எழுத உரிச்சொற்கள் வேண்டாம், வாக்கு எண்ணிக்கை போதும். அமெரிக்காவின் யார்க்டவுனில் பிரித்தானியப் படை சரணடைந்த செய்தி 1781 நவம்பரில் லண்டனுக்கு வந்தது. 1782 பிப்ரவரி 27இல் அமெரிக்கப் போருக்கு எதிரான தீர்மானம் 234க்கு 215 என்று வென்றது. மார்ச் 15இல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை 9 வாக்குகளில் தப்பினார். மார்ச் 20இல் விலகலை அவரே சபையில் அறிவித்தார். அடுத்தவர் ராக்கிங்கம் பதவியேற்றது மார்ச் 27. அதனால்தான் பட்டியலுக்குப் பட்டியல் முடிவுத்தேதி மாறுகிறது. எந்தத் தேதியை எடுத்தாலும் அது அறிவித்த நாளா, பதவி கைமாறிய நாளா என்று குறித்துவிடுங்கள்.

1782இலேயே கதையை முடிப்பதும் சரியல்ல. 1783இல் காமன்ஸ் சபையில் நேற்றுவரை எதிரியாக இருந்த சார்ல்ஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸோடு கைகோத்து, போர்ட்லண்ட் டியூக் தலைமையில் உள்துறைச் செயலராக வந்தார். அந்த அரசைக் கவிழ்த்ததும் இந்திய விவகாரமே: கம்பெனியின் நிர்வாகத்தை ஆணையர்களிடம் ஒப்படைக்கும் ஃபாக்ஸின் இந்திய மசோதா டிசம்பரில் பிரபுக்கள் சபையில், அரசரின் தூண்டுதலால் தோற்றது. பிறகு நார்த்தின் கண்பார்வை போயிற்று.

சபை உரைகளை மேற்கோள் காட்டுவதில் நிதானம் வேண்டும். நாடாளுமன்ற விவாதங்களின் பதிவான ஹான்சார்ட் வரிசை 1803இல்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தியவை பெரும்பாலும் செய்தித்தாள்காரர்கள் நினைவிலிருந்து எழுதியவை. உரையின் சாரத்தைச் சொல்லலாம், மேற்கோள் குறிக்குள் போடக் கூடாது. கட்சிப் பெயரும் இப்படித்தான்: பின்னாளைய பட்டியல்கள் நார்த்தை டோரி (பழமைவாதக் கட்சிக்காரர்) என்கின்றன, அவர் தம்மை அப்படிச் சொல்லிக்கொண்டவர் அல்ல.

1790 ஆகஸ்டுக்குப் பிந்தைய ஏடுகளைத் தேடும்போது 'கில்ஃபோர்ட்' என்று தேடுங்கள். ஆங்கிலத்தில் ஊர்ப்பெயரின் நடுவே 'டி' உண்டு, பட்டத்தில் இல்லை; சேர்த்துத் தேடினால் கிடைக்காது. 1791ஆம் ஆண்டுச் சபைக் குறிப்பில் பான்பரி உறுப்பினராக ஒரு லார்ட் நார்த் தென்பட்டால், அது அவர் அல்ல. பட்டத்தையும் தொகுதியையும் சேர்த்தே பெற்றுக்கொண்ட மூத்த மகன் ஜார்ஜ்.