முன்பக்கம் உதறுகிறதா? கோன் செட்டில் கை வைப்பதற்கு முன்

என்னுடைய பழைய நூறு சிசி வண்டிக்கு ஒரே வருடத்தில் இரண்டு கோன் செட் மாற்றினேன், இரண்டுமே தண்டச் செலவு. கோன் செட் என்பது ஹேண்டில் இலகுவாகத் திரும்புவதற்காக அதன் தண்டில் மேலும் கீழும் இருக்கும் பேரிங். காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போகும்போது 60-ல் போய்க்கொண்டிருந்துவிட்டு ஆக்சிலேட்டரை விட்டால் போதும், 55 வாக்கில் ஹேண்டில் இடமும் வலமுமாகப் படபடவென்று உதற ஆரம்பிக்கும், 40-க்குக் கீழே வந்ததும் ஒன்றுமே நடக்காதது மாதிரி நின்றுவிடும். ஒரு கடையில் காட்டினேன். வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, "கோன் போச்சுண்ணே" என்றார் மெக்கானிக் தம்பி. மாற்றினோம். ஒரு மாதம் சும்மா இருந்தது, மறுபடி உதறல். வேறு கடை, அதே பதில், அதே செலவு.

கடைசியில் கோட்டையூரில் சைக்கிள் கடை வைத்திருந்த எங்கள் பெரியப்பா மகன் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, முன்சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தார். டயரின் பக்கவாட்டில், ரிம்மை ஒட்டினாற்போல், சுற்றிலும் மெல்லிய கோடு ஒன்று ஓடும். ரிம் விளிம்புக்கும் அதற்கும் உள்ள இடைவெளி எங்கேயும் ஒரே அளவாக இருக்க வேண்டும். என் வண்டியில் அந்தக் கோடு ஒரு சாண் நீளத்துக்கு ரிம்முக்குள் முங்கிக் கிடந்தது. "போன தடவை பஞ்சர் ஒட்டுனப்ப டயர் சரியா உக்காரலப்பா. இதுக்குப் போயி ரெண்டு கோன் மாத்துனியா?" என்றார். காற்றை இறக்கி, ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, டயரில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டாமல் மறுபடி காற்று ஏற்றினோம். 'டப்' என்று ஒரு சத்தம், கோடு வெளியே வந்துவிட்டது. பிறகு வழக்கமான அளவுக்குக் காற்றைக் குறைத்துக்கொண்டோம். செலவு ஒரு சோப்புத் துண்டு.

அதிலிருந்து யார் வண்டி உதறினாலும் வேடிக்கை பார்க்கப் போய்விடுகிறேன். நான் பார்த்தவரை எல்லாரும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். எது கெட்டது என்று கேட்கிறார்கள், எப்போது உதறுகிறது என்று யாரும் கேட்பதில்லை.

எப்போது உதறுகிறது?

கடைக்குப் போகும் முன் இதை நீங்களே பார்த்துவிடலாம். உதறும்போது கிளட்ச்சைப் பிடித்து எஞ்சின் சுற்றைக் குறைய விடுங்கள். வண்டி அதே வேகத்தில் உருளும்போதே நடுக்கம் போய்விட்டதென்றால் அது எஞ்சின் பக்கத்து விவகாரம், எஞ்சின் மவுண்ட் போல்ட்டுகளைப் பாருங்கள், முன்சக்கரத்தை விட்டுவிடுங்கள். பிரேக் பிடிக்கும்போது மட்டும் துடிக்கிறதென்றால் டிஸ்க் அல்லது ட்ரம். 80-க்கு மேல் போனால் ஹேண்டில் உதறாமல் வண்டி முழுவதும் மெதுவாக அலைகிறது, பாம்பு நெளிகிற மாதிரி என்றால் பின்பக்கத்தில்தான் முதலில் தேட வேண்டும். எனக்கு வந்ததுபோல் 60-லிருந்து 40-க்கு இறங்கும்போது, கை லேசாக இருக்கும்போது மட்டும் வருகிறதென்றால் பெரும்பாலும் டயர். கோன் அதற்கு அடுத்தபடிதான்.

அது ஏன் குறிப்பாக 60-க்கும் 40-க்கும் நடுவில் என்று எனக்கும் ரொம்ப நாள் குழப்பம். கணக்குப் போட்டால் புரிகிறது. 18 இஞ்ச் ரிம்மில் 2.75 டயர் என்றால் சக்கரத்தின் ஒரு சுற்று ஏறக்குறைய 1.9 மீட்டர். 60 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்கு 9 சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு, 40-ல் 6 சுற்று. ஹேண்டில், ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் இரண்டு கால்கள்), முன்சக்கரம் எல்லாம் சேர்ந்து அதன்பாட்டுக்கு ஆட வருகிற வேகமும் வினாடிக்கு 4-லிருந்து 10 தடவைக்குள்தான். டயரில் ஒரு மேடோ பள்ளமோ இருந்தால் சுற்றுக்கு ஒரு தடவை தட்டும். ஊஞ்சல் திரும்பி வரும் சமயம் பார்த்து ஒரு விரலால் தள்ளினால் போதுமே, பெரிய ஆளும் ஆடுவாரே, அதே கதைதான். வேகம் கூடினாலோ குறைந்தாலோ தட்டும் நேரம் தப்பிவிடும், ஆட்டமும் நின்றுவிடும்.

கோனை இறுக்கி நோயை மூடுவது

சரி, புதுக் கோன் போட்டதும் ஒரு மாதம் எப்படி நின்றது? புதிதாகப் போடும்போது இறுக்கிப் போடுகிறார்கள். இறுக்கம் இருக்கும்வரை ஹேண்டில் ஆட முடியாமல் கட்டுண்டு கிடக்கும். கொஞ்சம் தளர்ந்ததும் டயரில் இருந்த பழைய கோளாறு தலைகாட்டிவிடும். இன்னும் இறுக்கச் சொல்லிக் கேட்பவர்களும் உண்டு, அது அதைவிட மோசம். கோன் அதிகமாக இறுகினால் ஹேண்டில் தானாக நேருக்குத் திரும்பாது. மெதுவாகப் போகும்போது வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, நாம் திருத்தத் திருத்த மறுபக்கம் போகும். கானாடுகாத்தான் தெருவில் எதிரே வேன் வரும்போது ஓரம் ஒதுங்கிப் பாருங்கள், புரிந்துவிடும். கோனுக்குள் இருக்கும் பால்ஸும் (குண்டுகள்) அவை உருளும் கப்பும் சீக்கிரம் தேய்வது தனி.

இறுக்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். கோனை இறுக்கும் நட்டுக்கென்று கொக்கி ஸ்பேனர் இருக்கிறது. உளியை வைத்துச் சுத்தியலால் தட்டுகிறவர் கடையில் வண்டியை விடாதீர்கள். தட்டித் திருப்பிய நட்டில் எவ்வளவு இறுக்கம் போனது என்று தட்டியவருக்கே தெரியாது.

கோனைச் சோதிப்பது ஐந்து நிமிட வேலை. சென்டர் ஸ்டாண்டில் போட்டு, ஒருவர் பின்பக்கத்தை அழுத்தி, முன்சக்கரம் தரையில் படாமல் தூக்குங்கள். ஃபோர்க்கின் அடிப்பகுதி இரண்டையும் பிடித்து முன்னும் பின்னும் தள்ளி இழுங்கள். 'டொக்' என்று கையில் தட்டினால் ஆட்டம் இருக்கிறது. இங்கேதான் அடுத்த தவறு. ஃபோர்க் புஷ் (ஃபோர்க் பைப் ஏறி இறங்கும் இடத்தில் உள்ளே இருக்கும் வளையம்) தேய்ந்திருந்தாலும் அதே 'டொக்' வரும். கூட ஒரு ஆளை வைத்துக்கொண்டு, சட்டகமும் கீழ் டி-யும் (ஃபோர்க் கால்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும் கட்டை) சேரும் இடத்தில் விரலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே அசைவு தெரிந்தால்தான் கோன். அங்கே அசையாமல், ஃபோர்க் பைப் உள்ளே நுழையும் இடத்தில் தெரிந்தால் புஷ். முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை ஆட்டிப் பார்ப்பதுதான் இங்கே வழக்கம், ஆனால் டிஸ்க் வண்டியில் பேடுகளே கொஞ்சம் அசைந்து சத்தம் கொடுக்கும், ஏமாந்துவிடுவோம்.

அப்புறம் ஹேண்டிலை ஒரு விரலால் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு மெதுவாகத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் ஒரு சின்னப் பள்ளத்தில் விழுந்து நிற்கிற மாதிரி இருந்தால், கப்பில் பால்ஸ் பதிந்து குழி விழுந்துவிட்டது. இதற்குத்தான் உண்மையிலேயே புதுக் கோன் செட் வேண்டும், இறுக்குவதோ கிரீஸ் வைப்பதோ உதவாது. கொஞ்சமும் தடைபடாமல், நடுவிலிருந்து லேசாகத் தள்ளினால் தன் எடையிலேயே ஓரத்துக்குப் போய் விழுந்தால் கோன் நன்றாக இருக்கிறது, அதை விட்டுவிட்டு வேறு இடம் பாருங்கள்.

வண்டி தூக்கி நிற்கும்போதே சக்கரத்தை மேலும் கீழும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் சக்கர பேரிங். ரிம் கோட்டத்துக்கு ஒரு கெட்டிக் கம்பியை ஃபோர்க்கில் கட்டி, முனையை ரிம் ஓரத்துக்கு மயிரிழை தள்ளி வைத்துச் சக்கரத்தைச் சுற்றினால் போதும். இடைவெளி 2 மில்லிமீட்டருக்கு மேல் மாறினால் கோட்டம் எடுக்க வேண்டும், பல வண்டிகளின் சர்வீஸ் புத்தகத்தில் எல்லை அதுதான். ஸ்போக்ஸ் வண்டி என்றால் ஒவ்வொரு கம்பியையும் ஸ்பேனரால் தட்டிக்கொண்டே வாருங்கள், இறுக்கமானது 'டிங்' என்று பேசும், லூஸானது 'டக்' என்று அடைத்த குரலில் பேசும். ஸ்போக்ஸ் டைட் வைக்கத் தெரிந்த பழைய சைக்கிள் கடைக்காரர் பக்கத்தில் இருந்தால் அவரிடமே கொடுங்கள்.

பின்னால் ஏற்றிய பாரத்தை மறந்துவிடுவது

ஆத்தங்குடியிலிருந்து டைல்ஸ் பெட்டிகளை வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு வருகிறவர்களை நம் பக்கத்தில் சாதாரணமாகப் பார்க்கலாம். கையால் ஊற்றி எடுக்கிற சிமெண்ட் டைல், ஒரு பெட்டியைத் தூக்கினாலே மூச்சு வாங்கும். அதைக் கேரியரில், அதாவது பின் ஆக்சிலுக்கும் பின்னால் கட்டினால் என்ன ஆகும்? ஏற்றமரம் மாதிரி பின்பக்கம் இறங்கும், முன்பக்கம் லேசாகும். முன்சக்கரத்தில் எடை குறைந்தால் ஹேண்டில் உதறத்தான் செய்யும், அதில் எந்த உறுப்பும் கெட்டிருக்காது. ஒரு நண்பர் இப்படித்தான் "லோடு இல்லாதப்ப நல்லாருக்கு மாப்ள, லோடு ஏத்துனா உதறுது" என்றார். பதிலை அவரே சொல்லிவிட்டு முன்டயரை மாற்றப் போனார்! பாரத்தைச் சீட்டின் மேல், முடிந்தவரை முன்னால் தள்ளிக் கட்டுங்கள். பின்டயரில் லோடுக்கு எவ்வளவு காற்று என்று செயின் கவர் ஸ்டிக்கரிலோ புத்தகத்திலோ போட்டிருக்கும், அதன்படி வையுங்கள்.

பாரமே இல்லாமல் வேகத்தில் அலைந்தால் பின்சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைச் சட்டகத்தோடு இணைக்கும் கை) புஷ் தேய்ந்திருந்தால் அங்கே தெரியும். செயின் டைட் செய்தபோது இரண்டு பக்கமும் அளவுக் கோடு ஒன்றாக இருந்ததா என்றும் பாருங்கள். ஹேண்டிலில் மாட்டிய பெரிய கண்ணாடி வைசரும் வேகத்தில் காற்றை வாங்கி ஹேண்டிலை ஆட்டும், கழற்றிவிட்டு ஒரு தடவை ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

முகப்பில் நின்ற வண்டி

இது நம் ஊருக்கே உரிய கேஸ். பெரிய வீட்டு முகப்பில் வருடம் முழுக்க வண்டி நிற்கும். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். கல்யாணத்துக்கோ திருவிழாவுக்கோ வந்ததும் சாவியைத் தேடி எடுத்து, பேட்டரியை சார்ஜ் ஏற்றி, குன்றக்குடி வரை போய்விட்டு வந்து "முன்னால ஆடுது" என்பார்கள். டயரில் பட்டன் (தரையில் படும் மேடுகள்) நிறைய இருக்கிறது, கிலோமீட்டரும் ஓடவில்லை, அதனால் டயர் புதுசு என்ற நினைப்பு. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2316 என்றால் 2016-ன் 23-வது வாரத்தில் செய்தது. காற்று இறங்கி ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நின்ற டயரில் தரையில் பட்ட பகுதி தட்டையாகிவிடும், ரப்பரும் கட்டியாகியிருக்கும். கோனில் கிரீஸ் காய்ந்து ஹேண்டில் பிடித்துக்கொண்டும் இருக்கும். இந்த வண்டிகளுக்கு மட்டும் நான் முதலிலேயே டயர் மாற்றச் சொல்லிவிடுவேன், மற்றதெல்லாம் அப்புறம்.

பிரேக் உதறலுக்கு ஒரு வரி. டிஸ்க் கோணியிருக்கிறது என்று முடிவு கட்டும் முன், சமீபத்தில் டிஸ்க்கைக் கழற்றி மாட்டினார்களா என்று கேளுங்கள். டிஸ்க்குக்கும் ஹப்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட துருவும் மண்ணும் போதும் அதைச் சாய்த்து வைக்க.

கீழே விழுந்த வண்டி என்றால் ஃபோர்க் டி-க்குள் முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஹேண்டில் ஒரு பக்கம் பார்க்கும், சக்கரம் வேறு பக்கம் பார்க்கும். ஆக்சிலையும் டி போல்ட்டுகளையும் தளர்த்தி, சக்கரத்தை முட்டிகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு ஹேண்டிலைத் திருப்பி நேராக்கி, மறுபடி முறையாக இறுக்கினால் பல வண்டிகள் சரியாகிவிடும். பைப்பே வளைந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும், நிமிர்த்தித் தருகிறேன் என்பவரை நான் நம்புவதில்லை.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றைச் செய்யுங்கள். டயர், கோன், ஃபோர்க் ஆயில் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் உதறல் போகலாம், ஆனால் எது காரணம் என்று தெரியாது, அடுத்த தடவை மூன்றுக்கும் காசு கொடுப்பீர்கள். உதறல் எந்த வேலைக்குப் பிறகு ஆரம்பித்தது என்பதையும் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். பஞ்சர் ஒட்டியதை நான் சொல்லவே இல்லை, அவர்களும் கேட்கவில்லை.

உதறுகிறதா என்று பார்க்க இரண்டு கையையும் விட்டு ஓட்டிக் காட்டும் வழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பிடியைத் தளர்த்தி உள்ளங்கை லேசாகப் பட்டுக்கொண்டிருந்தாலே தெரிந்துவிடும். கையை விட்டபின் ஆட்டம் பெரிதானால் திரும்பப் பிடிக்க நேரம் கிடைக்காது.

ஓட்டும்போது திடீரென்று பெரிதாக உதறினால் ஹேண்டிலோடு மல்லுக்கட்ட வேண்டாம், முன்பிரேக்கை அழுத்திப் பிடிக்கவும் வேண்டாம். தொடையால் டேங்க்கை இறுக்கிக்கொண்டு, கையைத் தளர்வாக வைத்து, உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, ஆக்சிலேட்டரை மெதுவாகக் குறைத்து வேகத்தை விழவிடுங்கள். ஓரமாக நிறுத்தியதும் முதலில் முன்டயரை அழுத்திப் பாருங்கள். நேற்று வரை நன்றாக இருந்த வண்டி இன்று பாதி வழியில் உதறினால் அநேகமாக ஒரு முள்ளோ ஆணியோ உள்ளே இருக்கும்.